அந்தமான் படகில் ஏறப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

பரீட்சை முடிந்துவிட்டது. பிள்ளைகள் "இந்த வருஷமாவது கடல் பார்க்கப் போகலாம்ப்பா" என்று நச்சரிக்கிறார்கள். எத்தனை தடவைதான் மாமல்லபுரத்துக்கே கூட்டிக்கொண்டு போவது? காஞ்சிபுரத்தில் டூர் ஏற்பாடு செய்பவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மெல்ல விஷயத்தை அவிழ்க்கிறீர்கள். "அந்தமான். சென்னையிலிருந்து ரெண்டரை மணி நேரம்கூட ஆகாது. ஸ்பீட் போட்ல போறோம். மூஞ்சில கண்ணாடி மாட்டிக்கிட்டு, தண்ணிக்குள்ள பவளப்பாறை, கலர் கலரா மீன் எல்லாம் பார்க்கலாமாம்!"

வீட்டம்மா கேட்கும் முதல் கேள்வி: "நமக்கு யாருக்குங்க நீச்சல் தெரியும்?"

நல்ல கேள்வி. நம் ஊரில் ஆயிரம் கோயில் உண்டு, குளங்களும் உண்டு. ஆனால் பாலாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். கிணற்றில் குதித்துக் கற்றுக்கொண்ட தலைமுறை தாத்தாவோடு போயிற்று. கடல் நமக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் கடலுக்குப் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் காட்சியை ஒரு தரம் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்கள் அந்தப் படகில் ஏறும் முன் ஒரு தேதியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2014 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, குடியரசு தினம். போர்ட் பிளேர் அருகே ராஸ் தீவைப் பார்த்துவிட்டு, பவளப்பாறை பார்ப்பதற்காக நார்த் பே பக்கம் சென்றுகொண்டிருந்த சுற்றுலாப் படகு நடுவழியில் மூழ்கியது. 21 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் நம் காஞ்சிபுரத்திலிருந்து ஒரே குழுவாகப் போனவர்கள். 25 பேர் ஏறக்கூடிய படகு. ஏறியிருந்தவர்கள் 40-க்கும் மேல். அந்த வாரம் ஊரே துக்க வீடாக இருந்ததைப் பலர் இன்றும் சொல்வார்கள்.

பிறகு பெயர்கள் மாறிவிட்டன. 2018-ல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது. 2024-ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் படகுக்குப் பக்கத்தில் நின்று "இன்னும் நாலு பேர் தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்ற குரல் எந்த ஊர்த் துறையிலும் மாறவில்லை. 2009-ல் தேக்கடியில் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023-ல் கேரளாவின் தானூரில் 22 பேர். எல்லாமே உல்லாசப் பயணமாகக் கிளம்பிய குடும்பங்கள்தான்.

ஆகவே முதல் வேலை, மீனைப் பார்ப்பது அல்ல. தலையை எண்ணுவது!

படகுக்கு எத்தனை பேர் அனுமதி என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஜவுளிக்கடையில் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் தானே நாம்? எண்ணிக்கை மீறினால் இறங்கிவிடுங்கள். குழுவாகப் போகும்போது இதுதான் கஷ்டம். "நம்ம ஆளுங்க எல்லாம் ஒண்ணாப் போவோமே" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு படகாகப் பிரிந்து போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். ஆளுக்கு ஒன்று, கையில் அல்ல, உடம்பில். பக்கிள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது தொளதொள. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டுவது மாட்டாததற்குச் சமம். குழந்தையின் எடைக்கேற்ற அளவு இல்லையென்றால் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம். கால்களுக்கு இடையே கட்டும் பட்டை இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பட்டுப்புடவையில் படகில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை இருக்கும், அதுவும் நம் ஊர்க்காரர்களுக்கு! போட்டோவைக் கரையிலேயே எடுத்துவிடுங்கள். காஞ்சிப் பட்டு காய்ந்திருக்கும்போதே கனம். எந்தப் புடவையானாலும் நனைந்துவிட்டால் காலைச் சுற்றிக்கொண்டு அசைய விடாது. சுடிதார், துப்பட்டா இல்லாமல், அதுதான் சரி. தாலிச் சரடைக் கழற்றச் சொல்ல மாட்டேன், உடைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலி, தொங்கட்டான் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

முதுகு பத்திரம்!

ஸ்பீட் போட் என்பது தண்ணீரில் ஓடும் கார் அல்ல. அலையின் மேல் ஏறி 'தொப்' என்று விழும்; மறுபடி ஏறும், விழும். முன் பகுதியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். இப்படித் தூக்கிப் போட்டதில் முதுகெலும்புக் கட்டை நசுங்கிப்போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. மாதவிடாய் நின்று எலும்பு தேய ஆரம்பித்த பெண்கள், டிஸ்க் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஸ்பீட் போட்டைத் தவிர்த்து, மெதுவாகப் போகும் பெரிய படகில் போவது நல்லது.

நம் ஊரில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது வருஷம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்து நெய்தவரின் இடுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகன் ஆசையாக அப்பாவை அழைத்துப் போகிறான். நல்ல இடம் என்று முன் சீட்டில் உட்கார வைக்கிறான். வேண்டாம் தம்பி. பின் பக்கம், நடுவில், கைப்பிடி எட்டுகிற இடத்தில் உட்கார வையுங்கள்.

குமட்டலுக்கும் அதே இடம்தான் நல்லது. உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண் 'இல்லையே' என்கிறது. இரண்டுக்கும் சண்டை வந்தால் வயிறு புரளும். செல்போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். குமட்டலுக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் அதில் தூக்கம் வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மாத்திரை போட்டுச் சொக்கிப் போயிருப்பவர் தண்ணீரில் இறங்க வேண்டாம், வேடிக்கை பார்க்கட்டும்.

குழாய் வழியாக மூச்சு

நார்த் பே ஞாபகம் இருக்கிறதா? பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்னால் தென்னைகளும் கலங்கரை விளக்கமுமாக இருந்ததே, அந்தக் காட்சிதான். அங்கேயும் ஹேவ்லாக்கின் எலிபெண்ட் பீச்சிலும் வழிகாட்டிகள் உங்களை ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்துப் போவார்கள். நீச்சல் தெரியாதவர்களும் முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதக்கலாம். இதுதான் ஸ்நார்க்கலிங்.

முகமூடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும். மூச்சு வாயால் மட்டும்தான். கேட்க லேசாக இருக்கும்; முதல் இரண்டு நிமிஷம் எல்லோருக்கும் பயமாகத்தான் இருக்கும். அதனால் இடுப்பளவுத் தண்ணீரில், கால் தரையில் இருக்கும்போதே, பழகுங்கள். பட்டையைப் போடாமல் முகமூடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு கேளுங்கள். மீசைக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் கசியும்; மீசையில் வாஸ்லைன் தடவினால் பரவாயில்லை. மீசையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறீர்கள்? குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக 'பூ' என்று ஊதுங்கள், வெளியேறிவிடும். கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் கரையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது, இந்தக் கட்டுரையில் நீங்கள் எதை மறந்தாலும் மறக்கக் கூடாத விஷயம். ஸ்நார்க்கலிங்கில் ஆபத்து வரும்போது சத்தமே வராது. கையைத் தூக்கிக் கூப்பிடுவார்கள் என்று சினிமாவில்தான் காட்டுவார்கள். நிஜத்தில், குப்புற மிதப்பவர் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஹவாய்த் தீவுகளில் இப்படி இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்து 2021-ல் ஓர் அறிக்கை வந்தது. பலர் தண்ணீரைக் குடித்து மூழ்கியவர்கள் அல்ல என்று அதில் சொல்லியிருந்தார்கள். தண்ணீரில் இறங்கியதும் கைகால் ரத்தம் மார்புப் பக்கம் திரும்புகிறது; குறுகலான குழாய் வழியாக வலிந்து மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து சிலருக்கு நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்கிறதாம். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் தப்பவில்லை.

முதல் அறிகுறி மூச்சு வாங்குவது. நீங்கள் ஒன்றும் பெரிதாகக் கைகால் அசைக்கவில்லை, ஆனால் இரைக்கிறது, கைகால் பலமில்லாமல் போகிறது என்றால், 'இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு' என்று இருக்காதீர்கள். குழாயை வாயிலிருந்து எடுங்கள். மல்லாந்து படுங்கள். வழிகாட்டியைத் தொட்டுச் சொல்லுங்கள். கரைக்கு வந்துவிடுங்கள்.

அதனால்தான் ஆளுக்கு ஒரு துணை வேண்டும். ஒருவர் தண்ணீரில் இருந்தால் இன்னொருவர் கண் அவர் மேலேயே இருக்கட்டும், போட்டோவில் அல்ல. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டர் சரி என்றால் மட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைக் கரையில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். முதல் நாள் இரைப்பு இருந்திருந்தால் இறங்கக் கூடாது. பி.பி. மாத்திரையை 'இன்னிக்கு ஒரு நாள் தானே' என்று விடாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்கக் கூடாது. குடித்தவர்? அவர் படகிலேயே ஏறக் கூடாது.

காதில் சீழ் வருபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு, கண்ணாடித் தரை போட்ட படகில் உட்கார்ந்து அதே மீனைப் பார்க்கலாம். ஆடை நனையாது, காதும் கெடாது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம், 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் நமக்குப் பவளப்பாறை உண்டு என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். விமான டிக்கெட்டே வேண்டாம்!

பார்க்கலாம், தொடக் கூடாது

பவளப்பாறை என்று சொன்னாலும் அது பாறை அல்ல, உயிர். கோடிக்கணக்கான குட்டி உயிரினங்கள் சேர்ந்து கட்டிய வீடு. மிதித்தால் அது சாகும். உங்கள் காலும் கிழியும். அந்தக் கீறல் சின்னதாகத்தான் தெரியும், ஆனால் சீக்கிரம் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பாருங்கள். முள் உள்ள மீன் குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டு வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அந்த இடத்தை வைத்தால் வலி குறையும். பிறகு டாக்டர். ஞாபகத்துக்கு ஒரு துண்டு பவளத்தைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது சும்மா வைத்தது அல்ல. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குப்புற மிதக்கும்போது தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துகொண்டிருக்கும். முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். கிரீமைவிட அது நல்லது, பவளத்துக்கும் கெடுதல் இல்லை.

படகிலிருந்து இறங்குவதும் ஏறுவதும் இன்ஜினை அணைத்த பிறகுதான். அடியில் விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.

ஒருவேளை யாரையாவது மூச்சில்லாமல் தூக்கி வந்தால், தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். அதில் போகும் ஒவ்வொரு விநாடியும் நஷ்டம். மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அமுக்கு, இரண்டு ஊது; உதவி வரும் வரை விடாமல். 112-க்குச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. பிழைத்து எழுந்து "ஒண்ணுமில்ல, நல்லாயிருக்கேன்" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொந்தரவு கொடுக்கலாம்.

சாயங்காலம் திரும்பும்போதுதான் எல்லோருக்கும் அவசரம். களைப்பு, பசி, குழந்தை அழுகை. கரையில் ஒரே படகு, இருபது பேர் இடத்துக்கு முப்பது பேர் நிற்கிறார்கள். படகுக்காரர் கை நீட்டி "ஏறுங்க, ஏறுங்க" என்கிறார். நீங்கள் ஏறாதீர்கள். பக்கத்தில் இளநீர் விற்பார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அடுத்த படகு எப்போது வரும் என்று கேளுங்கள்.