உஷார்! ‘250 ஆம்பியர்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி மிக் மெஷின் வாங்காதீர்கள்

பழைய மாருதி 800-இன் தரைத் தகட்டில் துரு ஏறி ஓட்டை விழுந்திருக்கிறது. டிங்கர் சொன்ன கூலி கட்டுப்படியாகவில்லை. செல்போனைத் திறந்தால், ‘கேஸ் வேண்டாம், வீட்டு பிளக்கிலேயே ஓடும், 250 ஆம்பியர்’ என்று சின்ன மிக் வெல்டிங் மெஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. நாமே ஒட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். பணத்தைக் கட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்த 250-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிக் வெல்டிங்கில் 250 ஆம்பியர் ஓட வேண்டுமானால் வயர் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் ஆர்க்கில் ஏறக்குறைய 26 வோல்ட் இருந்தாக வேண்டும். பெருக்கினால் ஆறரை கிலோவாட். வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பிளக், 230 வோல்ட் சரியாக வந்தாலும் தரக்கூடியது 3.7 கிலோவாட்டுக்குள்தான். அதிலும் ஒரு பங்கு மெஷினுக்குள்ளேயே சூடாகப் போய்விடும். மீதி எங்கிருந்து வரும்? வராது. அந்த எண் வெறும் ஸ்டிக்கர்.

வந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம். கார் கதவு, ஃபெண்டர், தரைத் தகடு எல்லாம் பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர் கனம்தான். அதை ஒட்ட 30 முதல் 50 ஆம்பியர் போதும். ஆகவே, ‘அதிகபட்சம் எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். ‘எவ்வளவு தூரம் குறைக்கலாம், குறைத்தால் ஆர்க் திக்காமல் நிற்குமா’ என்று கேளுங்கள். 50-க்குக் கீழே இறங்கினாலே துப்பத் தொடங்கும் மெஷின், பாடி வேலையில் தகட்டைப் பொத்துவிடும். ஒரு ஓட்டையை மூடப் போய் மூன்று ஓட்டையோடு எழுந்திருப்பீர்கள்.

அடுத்த பொறி ‘கேஸ் வேண்டாம்’ என்பது. அது பொய்யில்லை. உள்ளே பவுடர் அடைத்த வயரைப் போட்டால் கேஸ் இல்லாமலும் ஓடும். கேட், கிரில், வெளிவேலைக்கு நல்லது. ஆனால் அந்த வயர் பொதுவாக 0.8 மி.மீ.யிலிருந்துதான் கிடைக்கும். சூடு அதிகம், பொறி அதிகம், ஒட்டிய இடமெல்லாம் கசடு. கார் தகட்டுக்கு வேண்டியது 0.6 மி.மீ. சாலிட் வயரும், 80 பங்கு ஆர்கானும் 20 பங்கு கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த கேஸும். தனி கார்பன் டை ஆக்ஸைடு விலை குறைவுதான். ஆனால் அது ஆழமாக உருக்கும், தெறிக்கவும் செய்யும். மெல்லிய தகட்டில் புதியவர் கை அதற்கு ஈடுகொடுக்காது.

‘இப்போது கேஸ் இல்லாமல் வாங்குவோம், பிறகு சிலிண்டர் மாட்டிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்களே, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேஸோடு சாலிட் வயர் ஓட டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். பவுடர் வயருக்குப் பெரும்பாலும் நெகட்டிவ். விலை மலிந்த பல பெட்டிகளில் இதை மாற்ற வழியே இருக்காது. கேஸைத் திறந்து மூடும் வால்வும் உள்ளே இருக்காது. மூடியைத் திறக்கச் சொல்லி இரண்டையும் கண்ணால் பாருங்கள். 0.6 வயருக்கு உருளையும் டிப்பும் உண்டா என்றும் கேளுங்கள். சிலிண்டருக்கு டெபாசிட், ரெகுலேட்டர், நல்ல ஆட்டோ டார்க் ஹெல்மெட் எல்லாம் சேர்த்துத்தான் மெஷினின் விலை.

டியூட்டி சைக்கிள் என்று 20 சதவீதம் போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் ஓட்டலாம் என்று பொருள். சர்வதேசத் தரப்படி அதை 40 டிகிரி வெப்பத்தில் அளக்க வேண்டும். சிலர் 20, 25 டிகிரியில் அளந்து பெரிய எண்ணைப் போடுகிறார்கள். மே மாதத்துத் தகரக் கொட்டகையில் அந்த எண் செல்லாது.

இவ்வளவும் பணத்துக்கான எச்சரிக்கை. உயிருக்கான எச்சரிக்கை இனிமேல்தான்.

தகட்டிலுள்ள எண்ணெயைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரேயை எடுக்கிறோம். அந்த டப்பாவில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால், டெட்ராகுளோரோஎத்திலீன் என்று எழுதியிருந்தால், வெல்டிங் பக்கமே அது வரக் கூடாது. ஆர்க்கின் சூடும் புற ஊதாக் கதிரும் பட்டால் அதிலிருந்து ஃபாஸ்ஜீன் பிறக்கும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற வாயு அது. கிளீனரின் ஈரம் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தகட்டின் மடிப்புக்குள் தங்கியிருக்கும். அந்த வாயுவை முகர்ந்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். புகை பட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போங்கள்; மூச்சு முட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைத் தேய்க்காமல் ஒட்டினால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரலாம். பொதுவாகவே வெல்டிங் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. காற்றோட்டமும் சரியான முகமூடியும் இல்லாமல் டார்ச்சைத் தொடாதீர்கள். கார் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தகட்டுக்குப் பின்னால் கார்பெட், பஞ்சு, பெட்ரோல் குழாய் எது இருக்கிறது என்று கை விட்டுப் பாருங்கள். வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். உள்ளே கனன்ற பஞ்சு நீங்கள் போன பிறகு பற்றும்.

இன்னொன்றையும் கறாராகச் சொல்கிறேன். புதியவர்கள் சேஸிஸ் கட்டை, கதவுத் தூண், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. இன்றைய பல கார்களின் தூண்களில் போரான் கலந்த அதிவலுவான எஃகு இருக்கும். சூடு பட்டால் அந்த வலு போய்விடும். மேலே பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது, விபத்தில்தான் தெரியும்.

இரும்புக் கடையில் 0.8 மி.மீ. தகட்டுத் துண்டுகள் நாலைந்து வாங்கிக்கொண்டு மெஷின் கடைக்குப் போங்கள். 0.6 வயரும் கலவை கேஸும் போட்டு, பொத்தாமல் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.