முதலில் சாவு, பிறகுதான் உறுப்பு

2015 ஜூலையில் கடற்படையின் டோர்னியர் விமானம் ஓர் இதயத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்குக் கொண்டுபோனது. கொடுத்தவர் மூளைச்சாவடைந்த பாறசாலை வழக்கறிஞர். பெற்றவர் சாலக்குடி ஆட்டோ ஓட்டுநர். அந்த ஆண்டு கேரளத்தில் இறந்தபின் உறுப்புதானம் செய்தவர்கள் 76 பேர். 2018இல் 8 பேர். மூன்றே ஆண்டில் மக்களின் மனம் கல்லாகிவிடவில்லை. உறுப்புக்காகவே நோயாளியைச் செத்தவராக்குகிறார்கள் என்ற சந்தேகம் நீதிமன்றம் வரை போய்விட்டது. இதே சந்தேகத்தைக் கதையாக்கிய 'ஜோசப்' என்ற மலையாளப் படத்தின்மீது பழிபோடுவோர் உண்டு. அது வெளிவந்ததே 2018 நவம்பரில், சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

காசு கொடுத்தால் உறுப்பு கிடைக்காதா என்பார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதன் பிறகும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மறுக்காதவர் எல்லோரும் சம்மதித்தவரே என்று சட்டம் போடலாமே என்றால், ஸ்பெயின் 1979இலேயே போட்டது. ஆனாலும் அங்கே குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. தானம் பெருகியது, 1989க்குப் பிறகு மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை வைத்ததால்.

ஆக, சிக்கல் ஐசியு வாசலில் இருக்கிறது. அம்பூரியிலோ வெள்ளறடையிலோ பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் கிடக்கிறார். உடம்பு சூடாக இருக்கிறது, வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இவரைச் செத்தார் என்றால் வீட்டார் எப்படி நம்புவார்கள்? மூளைச்சாவை உறுதிசெய்யும் சோதனை கறாரானதுதான். வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே சோதனை. நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்றுபவர் அதில் இருக்கக்கூடாது. இத்தனை இருந்தும், உறுப்பு தேவைப்படும்போது மட்டும் இந்தச் சோதனை நடந்தால் ஊர் சந்தேகப்படத்தான் செய்யும். 2020இல் கேரள அரசு, தானம் உண்டோ இல்லையோ மூளைச்சாவைச் சான்றளிக்கலாம் என்று வழிகாட்டுதல் தந்தது. சரியான பாதை அதுவே. சான்றளித்த கையோடு, துக்கத்தில் இருப்பவரிடம் வென்டிலேட்டரை நிறுத்துவதாகச் சொல்வது கொடுமை என்பது நியாயமான மறுப்புதான். அதற்காக ஒருநாள் அவகாசம் தரலாம், சோதனையை நேரில் பார்க்கவும் விடலாம். தானம் மறுத்த குடும்பத்துக்கும் அதே சான்று, அதே நடைமுறை.