அட்டையோடு ஜக்கார்டும் போக வேண்டும்

சடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று சொல்லப்படும் திருப்புட்குழியில், விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பெரியப்பா வீடு. கூடத்தில் இரண்டு தறி. பட்டு எத்தனை கிராம் வாங்கினோம், ஜரிகை எத்தனை மார்க், முன்பணம் எவ்வளவு, சேலையை அறுத்துக் கொடுத்ததும் வந்த கூலி எவ்வளவு என்று முப்பது வருடமாக நீள நோட்டில் எழுதி வருகிறவர் அவர். அந்தக் கணக்கைப் போட ஜாவாவில் ஒரு சின்ன மென்பொருள் எழுதி, பென் டிரைவில் எடுத்துப் போனேன். என் மடிக்கணினியில் அருமையாக ஓடியது. அவர் வீட்டுக் கணினியில் சொடுக்கினால், ஜிப் கோப்புகளைப் பிரிக்கும் செயலி திறந்துகொண்டு, உள்ளே இருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டியது.

"என்னப்பா, மூட்டையைப் பிரிச்சுக் காட்டுது?" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னது சரிதான். ஜாவா மென்பொருளை நாம் பிறருக்குக் கொடுக்கும் 'ஜார்' கோப்பு, பெயர் மாற்றிய ஒரு ஜிப் மூட்டையே. உள்ளே நிரலின் துண்டுகள், படங்கள், எந்தத் துண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஒரு சீட்டு, அவ்வளவுதான். அதைப் படித்து ஓட்ட வேறொன்று வேண்டும்.

தறி தெரிந்தவருக்கு இதை விளக்குவது எளிது. சேலையின் புட்டாவையும் முந்தியையும் கிராப் தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் மாட்டினால், துளையைப் பார்த்துக் கொக்கிகள் பாவு நூலைத் தூக்கும். ஒருவர் அடித்த அட்டையை இன்னொரு வீட்டுத் தறியிலும் மாட்டலாம். ஜாவாவும் இப்படித்தான். நாம் எழுதும் நிரல் நேராகக் கணினியின் மொழிக்குப் போவதில்லை. 'பைட்கோடு' என்ற இடைநிலை வடிவத்துக்குப் போகிறது, அதுதான் அட்டை. அதைப் படித்து அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி ஓட்டுவது ஜாவா மெய்நிகர் இயந்திரம், அதுதான் ஜக்கார்டு. பெரியப்பாவிடம் அட்டையைக் கொடுத்த நான், ஜக்கார்டு இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் 1991இல் தொடங்கிய வேலை, 1995இல் ஜாவா என்ற பெயரில் வெளியே வந்தது. ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. வெகு காலம் கணினிகளில் ஜாவாவைத் தனியாக நிறுவி வைத்திருப்பது வழக்கமாகவே இருந்தது. நம் வருமான வரித் துறைகூடப் பல ஆண்டுகள் படிவம் நிரப்பும் மென்பொருளை எக்செல், ஜாவா என இரண்டு வடிவங்களில் கொடுத்தது. கணக்கர்கள் அதற்காகவே ஜாவாவை நிறுவி வைத்திருந்தார்கள். 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து, ஓட்டுவதற்கு மட்டுமான தனித் தொகுப்பை, சன்னை வாங்கிய ஆரக்கிள் கொடுப்பதில்லை.

பெரியப்பா வீட்டுக்கு வருவோம். இணையத்தில் தேடி ஜாவாவை இறக்கினேன்; வந்தது ஜாவா 8. நான் எழுதியது ஜாவா 17இல். ஒவ்வொரு பைட்கோடு கோப்பிலும் ஒரு பதிப்பு எண் இருக்கும்: 17க்கு 61, 8க்கு 52. எனக்கு 52 வரைதான் தெரியும் என்று ஜாவா 8 மறுத்துவிட்டது. 240 கொக்கிக்கு அடித்த அட்டையை 120 கொக்கி ஜக்கார்டில் மாட்டிய கதை.

இதற்குச் சரியான வழி, அட்டையோடு ஜக்கார்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது. சிறு மின்னணுப் பலகைகளுக்கு நிரல் எழுதப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்திய ஆர்டுயினோ மென்பொருளின் 1.8 வரிசை ஜாவாவில் எழுதப்பட்டது. அது தனக்கான ஜாவாவைத் தன்னுடனே கொண்டுவந்தது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஜாவா என்ற பெயரே தெரிய வேண்டியிருக்கவில்லை. இன்று இந்த வேலைக்கு ஜாவாவிலேயே கருவிகள் உண்டு. 2017இல் ஜாவா 9உடன் வந்த 'ஜேலிங்க்', ஜாவாவில் நம் நிரலுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். 2021இல் ஜாவா 16இல் முழுமையடைந்த 'ஜேபேக்கேஜ்', அதையும் நிரலையும் சேர்த்து விண்டோஸுக்கு எம்எஸ்ஐ, மேக்குக்கு டிஎம்ஜி, டெபியன் வழி லினக்ஸுக்கு டெப் என்று நிறுவுகோப்பாக்கித் தரும். நம் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது, அதற்கும் டெப்தான். ஒன்றை மறக்கக் கூடாது: விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸில்தான் கட்ட வேண்டும், மேக்குக்கானதை மேக்கில்தான். சில நூறு கேபி இருந்த என் ஜார், 40 எம்பியைத் தாண்டிய நிறுவுகோப்பானது. அந்த எடைக்குக் கிடைக்கும் நிம்மதி பெரிது.

அடுத்த முறை போனபோது மென்பொருள் திறந்தது; முகப்புக் குறியோடு, சாதாரண விண்டோஸ் மென்பொருளைப் போல. கையொப்பச் சான்றிதழ் இல்லாததால் நிறுவும்போது விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டியது, அவ்வளவுதான். பெரியப்பா 'பட்டு' என்று தட்டிச் சேமித்தார். மூடித் திறந்தால், அந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள்.

மூன்று எழுத்துக்கு ஏன் ஐந்து? யூனிகோடில் ப, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று ஐந்தாகப் பதிவாகிறது. என் லினக்ஸ் கணினியில் கோப்புகள் இயல்பாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும். விண்டோஸில் ஜாவா 17, அந்தக் கணினியின் பழைய ஆங்கிலக் குறிமுறையை எடுத்துக்கொண்டது. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதிவிட்டது. எழுதியது எழுதியதுதான், மீட்க முடியாது. 2022இல் வந்த ஜாவா 18 முதல் எல்லாக் கணினியிலும் யூடிஎஃப்-8 இயல்பாகிவிட்டது. முந்தைய பதிப்பென்றால் நிரலிலேயே அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன், 'பட்டு' பட்டாகவே திரும்பி வந்தது.

ஜாவா படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் புராஜெக்ட் முடிந்ததும், ஜாவா நிறுவாத ஒரு விண்டோஸ் கணினிக்கு அதை எடுத்துப் போங்கள். உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் தட்டிச் சேமியுங்கள். மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.