தோல் இறுகும் நோய்

சப்பிரகமுவைத் தோட்டங்களிலே, விடியற்காலைப் பனியிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளை நாம் அறிவோம். குளிர் பட்டதும் சிலரின் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, சூடு ஏறியதும் சிவக்கும். 1862இல் இதனை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் ரேனோவின் பெயரே இதற்கு நிலைத்தது. பலருக்கு இதனால் தீங்கில்லை. ஆயின் சிலருக்கு 'ஸ்கிளிரோடெர்மா' என்னும் நோயின் முன்னறிவிப்பு இதுவே. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு 'வன்தோல்' என்பது பொருள்.

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் உடலையே பகைத்துக்கொள்வதால் விளைவது இந்நோய். நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுறுகின்றன. கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அளவின்றிப் படிகின்றது. தோல் தடித்து இறுகும், விரல்கள் மடங்கா, வாய் சுருங்கும். சிலருக்கு உணவுக்குழாய், நுரையீரல், இருதயம், சிறுநீரகம் ஆகியனவும் பாதிக்கப்படும். ஆண்களை விடப் பெண்களுக்கே இது அதிகம்.

காரணம் முற்றும் தெளியவில்லை. எனினும் 1914இல் எடின்பரோ வைத்தியர் பிராம்வெல் கல்தச்சரிடமும், 1957இல் எரஸ்மஸ் என்பார் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடமும் இதனைக் கண்டனர். கல்லிலிருந்து எழும் சிலிக்காத் தூசு ஒரு காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகள் நீரும் சேறும் நிறைந்தவை. அங்கே தூசு குறைவு. கருங்கல்லைத் துளைத்து உடைக்கும் இடங்களிலேயே, நீர் தெளித்தலும் தகுந்த முகக்கவசமும் இன்றியமையாதன.

தடித்த தோலைக் கண்டதும் தொழுநோய் என்று அஞ்சுவோர் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்திலே அவ்வாறு ஒரு சொல் பரவினால், நோயாளியின் துயர் இரட்டிப்பாகும். இந்நோய் எவருக்கும் தொற்றாது. ஒரே பாத்திரத்தில் உண்ணலாம், குழந்தையை அணைக்கலாம். தொழுநோயுங்கூட இன்று மருந்தினால் முற்றாகக் குணமாவதே. எது எந்நோய் என்று தீர்மானிப்பது வைத்தியரின் பணி.

ஸ்கிளிரோடெர்மாவை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. முன்னாளில் சிறுநீரகம் தாக்கப்பட்டோர் பெரும்பாலும் மாண்டனர். 1970களின் இறுதியில் கப்டோப்பிரில் வந்தபின் பலர் உயிர் தப்பினர். ஆகவே இந்நோயாளர் இரத்த அழுத்தத்தை அடிக்கடி சோதித்தல் வேண்டும். புகைத்தலை விடுதலும், கையையும் உடலையும் வெதுவெதுப்பாக வைத்தலும் நன்று.

விரல் வெளுப்பதோடு தோல் இறுக்கமும், விழுங்குவதில் தடையும், மூச்சிரைப்பும் காணின், அரசாங்க வைத்தியசாலையை நாடத் தாமதிக்கலாகாது. அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஒருநாள் சம்பளம் போகுமே என்று தாய்மார் இதனைத் தள்ளிப்போடாதிருக்க, வீட்டிலுள்ளோரே அவர்களை அழைத்துச் செல்வாராக.