தாழியும் வாய்க்கரிசியும்

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

நான் கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதம் எங்கள் ஆச்சி காலமானாள். உப்பளத்திலேயே உழைத்துத் தேய்ந்தவள், கைநாட்டு. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு வைத்தார்கள், கோடித்துணி போர்த்தினார்கள், வாய்க்கரிசி போட என்னை அழைத்தார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்ற மிதப்பில், "செத்த ஆச்சி சாப்பிடவா போகிறாள்?" என்று கேட்டுவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் கையை விரித்து அரிசியை வைத்தார்.

அந்தக் கேள்விக்கு விடை நம் மாவட்டத்து மண்ணிலேயே இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் இங்கே அகழ்ந்து, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அதே ஆண்டில்தான் கிரேக்க நாட்டு மைசீனியில், சிலீமன் என்ற மற்றொரு ஜெர்மானியர் கல்லறைகளைத் தோண்டிப் பொன் முகமூடிகளைக் கண்டெடுத்தார். மைசீனியை உலகம் அறியும். ஆதிச்சநல்லூரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2004-05ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை 169 தாழிகளை வெளிக்கொணர்ந்தது. பாறையைக் குடைந்த குழிகளில் பெரிய மண்தாழிகள்; சிலவற்றில் முழு உடல், சிலவற்றில் பின்னர் சேர்த்து வைத்த எலும்புகள். இரும்புக் கருவிகளை முனை கீழ்நோக்கி இருக்குமாறு மண்ணில் செருகியிருந்தார்கள். சிறு கலயங்களில் நெல், தினை வகைகளின் உமி இருந்தது. துணியின் சுவடும் இருந்தது. நெற்றியில் கட்டியவையாகக் கருதப்படும் பொற்பட்டங்களும் கிடைத்தன.

அரிசி, துணி, நெற்றியில் உலோகம்! எங்கள் வீட்டில் நடந்தது என் நினைவுக்கு வந்தது. அதுவும் இதுவும் ஒரே வழக்கத்தின் தொடர்ச்சி என்று அடித்துச் சொல்ல நான் ஆராய்ச்சியாளன் அல்லன். ஆனால் மனம் ஒன்றே என்று சொல்லலாம் அல்லவா?

நம் கொற்கைப் பகுதியின் முத்துக்குளிப்பைத் தம் கடற்பயண நூலில் குறித்து வைத்த கிரேக்கரிடமும் இம்மனம் இருந்தது. மறுவுலக ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன் காரோனுக்குக் கூலியாக, இறந்தவர் வாயில் காசு வைத்தார்கள். இறந்த குழந்தைகளைச் சாடிகளில் இட்டுப் புதைத்தார்கள். ஏதென்சின் புகழ்பெற்ற இடுகாடு இருந்த கெராமைக்கோஸ் பகுதிக்கு அப்பெயர் குயவர்களால் வந்தது. நம் புறநானூற்றிலும் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாடல்கள் உண்டு.

தாவரவியல் மாணவனாகிய எனக்கு வியப்பூட்டியது மற்றொன்று. அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் அதை வைத்தவருக்கும், செத்தவர் உண்ணமாட்டார் என்பது தெரிந்திருக்கும். தெரிந்தும் வைத்தார். பசியோடு அனுப்ப மனம் வரவில்லை. அப்பாவின் மௌனத்திற்கும் அதுவே பொருள்.

நண்பர்களே! திருச்செந்தூர் செல்லும் வழியில் ஒருமுறை ஆதிச்சநல்லூரில் இறங்குங்கள். குழிக்குள் இருக்கும் தாழிகளை 2023 முதல் கண்ணாடி வழியே காணலாம். பரம்பில் கிடக்கும் ஓட்டுத்துண்டை நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள். அது யாரோ ஒருவர் தம் ஆச்சியை வைத்த தாழி.