ஒரு வெப்சைட், பல பெட்டிகள்: 'அலோ' தட்டினால் அனுமதி யாருக்குப் போகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி வெப்சைட் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனில் திறந்தால் ஒரே பக்கமாகத்தான் தெரியும். ஆனால் அதில் உள்ள மேப் ஒரு நிறுவனத்துடையது, வீடியோ இன்னொரு நிறுவனத்துடையது, சாட் பெட்டி வேறொருவருடையது. 'லொக்கேஷன் தரலாமா?' என்று கேட்கும்போது 'அலோ' தட்டினால், அது யாருக்குப் போகும்?

அனுமதி யாருக்கு?

மேலே அட்ரஸ் பாரில் பெயர் உள்ள வெப்சைட்டுக்குத்தான். உள்ளே இருக்கும் வெளியாள் பெட்டிகளுக்கு அது தானாகப் போகாது. 2018-ல் வந்த குரோம் 64 முதல் கேமரா, மைக், லொக்கேஷன் மூன்றுக்கும் இதுதான் விதி. வெப்சைட் உரிமையாளர் எந்தப் பெட்டிக்கு எது வேண்டும் என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். மேப்புக்கு லொக்கேஷன் போதும், கேமரா எதற்கு? 'சாண்ட்பாக்ஸ்' என்ற கட்டுப்பாட்டைப் போட்டால், அந்தப் பெட்டி பாப்-அப் திறக்கவோ, உங்களை வேறு பக்கத்துக்கு இழுத்துப் போகவோ முடியாது.

அப்புறம் என்ன ஆபத்து?

பெட்டி என்பது தனிப் பூட்டு போட்ட வாடகை அறை மாதிரி. ஆனால் வெளியாளின் ஸ்கிரிப்ட்டை நேரடியாகப் பக்கத்தில் சேர்த்தால், வீட்டுச் சாவியையே கொடுத்த மாதிரி. அந்தப் பக்கம் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் செய்யலாம்.

2018 பிப்ரவரியில் இதுதான் நடந்தது. பக்கங்களை வாசித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' ஸ்கிரிப்ட்டில் யாரோ கைவைத்தார்கள். அதைச் சேர்த்திருந்த 4,000-க்கும் மேற்பட்ட வெப்சைட்டுகளில், பார்வையாளர்களின் கருவிகளே கிரிப்டோ கரன்சி உருவாக்கும் வேலையைச் செய்தன. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வெப்சைட்டும் தப்பவில்லை. ஃபைல் மாறினால் பிரவுசரே நிராகரிக்கும்படி ஒரு சரிபார்ப்புக் குறியீடு சேர்த்திருந்தால் தடுத்திருக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஆண்ட்ராய்டு குரோமில் அட்ரஸுக்கு இடப்பக்கம் உள்ள சின்ன ஐகானைத் தட்டி, 'அனுமதிகள்' பகுதிக்குப் போங்கள். தேவையில்லாததை ஆஃப் செய்யுங்கள்.
* பில் பார்க்க லொக்கேஷன் கேட்டால் 'பிளாக்' கொடுங்கள்.
* பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

வெப்சைட் நடத்துபவர்கள் கவனிக்க: அனுமதி கேட்கும்போது திரையில் தெரிவது உங்கள் பெயர்தான், சாட் பெட்டிக்காரர் பெயர் அல்ல.