சபை உரையாளர் நூலில் காலமும் நம்பிக்கையும்: வட சென்னைக் கடற்கரை வாழ்வை முன்வைத்து

முன்னுரை

எபிரேய விவிலியத்தின் ஞான நூல்களுள் ஒன்று சபை உரையாளர். சீர்திருத்தச் சபையாரின் மொழிபெயர்ப்பில் இது பிரசங்கி எனப்படுகிறது. இதன் மூன்றாம் அதிகாரம் மனித வாழ்வின் நிகழ்வுகளைப் பதினான்கு எதிரிணைகளாக நிரல்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் உண்டு என்கிறது. இப்பகுதி பெரும்பாலும் ஆறுதல் மொழியாகவே எடுத்தாளப்படுகிறது. எல்லாத் துன்பத்தையும் 'காலம்' என்று ஏற்றுக்கொள்ளுமாறு இந்நூல் கூறுகிறதா என்னும் வினாவை, வண்ணாரப்பேட்டையை அடுத்த இராயபுரம், எண்ணூர்ப் பகுதிகளின் வாழ்வோடு பொருத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல், மூன்று பொருள்

இந்நூலின் திறவுச்சொல்லாகிய 'ஹெபெல்' என்பதன் நேர்ப்பொருள் மூச்சு, ஆவி என்பதாகும். பழைய மொழிபெயர்ப்பு இதனை 'மாயை' என்றும், 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'வீண்' என்றும் தருகின்றன. சைவ சித்தாந்தத்தில் மாயை மும்மலங்களுள் ஒன்று, அது உள்பொருள். பொது வழக்கிலோ அது பொய்த்தோற்றத்தைக் குறிக்கிறது. அவ்வாறு கொள்ளின் மனிதரின் துன்பமும் பொய்யாகிவிடும். 'வீண்' எனக் கொள்ளின் உழைப்பு பயனற்றதாகும். 'மூச்சு' எனக் கொள்ளின் வாழ்வு உண்மையானது, ஆயினும் நிலையற்றது என்னும் பொருள் கிடைக்கிறது. உண்பதும் உழைப்பில் மகிழ்வதும் இறைவனின் கொடை என்னும் கருத்துடன் (3:13) இப்பொருளே இயைகிறது.

கடலும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது தமிழ்த் திணை மரபு. இன்றைய நெய்தல் வாழ்விலும் பொழுது தொழிலை வகுக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனப்பெருக்கம் கருதி, விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை உள்ளது. அந்நாள்களில் காசிமேட்டில் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன, வலைகள் செப்பனிடப்படுகின்றன. வருவாய் குன்றினும் தடைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அதன் பயன் கடலுக்கும் மீனவர்க்கும் மீள்கிறது. கிழிப்பதற்கும் தைப்பதற்கும் காலமுண்டு என்னும் இணை (3:7) இங்குத் தொழிலாகவே நிகழ்கிறது.

காலம் அல்லாதது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு பரவியது. படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்தது. மீனவர் தொழில் இழந்தனர். புயல் பருவத்தின் வரவு. எண்ணெய்க் கழிவு அன்று. இவ்வேறுபாட்டிற்கு நூலிலேயே இடமுண்டு. காலத்தைப் பற்றிய பகுதியை அடுத்தே, நீதி இருக்கவேண்டிய இடத்தில் அநீதி இருப்பதை ஆசிரியர் சுட்டுகிறார் (3:16). ஒடுக்கப்பட்டோரின் கண்ணீரையும், அவர்களைத் தேற்றுவார் இல்லாமையையும் தொடர்ந்து கூறுகிறார் (4:1). பதினான்கு இணைகளுள் எதிலும் அநீதிக்கெனக் காலம் ஒதுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

முடிவுரை

எட்டாம் வசனத்துடன் வாசிப்பை நிறுத்துவோர்க்கு இந்நூல் அமைதியை மட்டுமே தருகிறது. நான்காம் அதிகாரம்வரை தொடர்வோர்க்கு, மாறும் பருவங்களைப் பொறுத்துக்கொள்வதும் மனிதர் இழைக்கும் கேட்டைப் பருவமெனக் கொள்ள மறுப்பதும் ஒரே நம்பிக்கையின் இரு கூறுகள் என்பது புலனாகிறது. 'ஹெபெல்' என்பதை 'மூச்சு' எனக் கொள்ளும் தமிழ் வாசிப்பு இவ்விரண்டிற்கும் இடமளிக்கிறது.